மணலிலும் சப்காவிலும் மாட்டிய ஃபோர் வீல் வண்டி: அறிகுறி பார்த்து வெளியே எடுக்கும் வழி

அபுதாபியின் லிவா, ஓமானின் வஹீபா மணல், கத்தாரின் கோர் அல் அதைத், ஓமானின் பர் அல் ஹிக்மான் என்று வளைகுடாவில் ஃபோர் வீல் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்கள் இவை. சப்கா என்பது மேலே உப்புப் பொருக்கும் கீழே சேறும் உள்ள தட்டை நிலம். உங்கள் வண்டி என்ன செய்கிறது என்று பார்த்து அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், கராஜுக்கோ ரிக்கவரிக்கோ (மாட்டிய வண்டியை இழுத்தெடுக்கும் ஆட்கள்) போக வேண்டியது கடைசியில்.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான ஒன்று: சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை என்று தெரிந்த அந்த நொடியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை அரை நாள் வேலையாக மாறுவது அதற்கு அடுத்த ஐந்து வினாடியில்தான்.

வண்டியில் இருக்க வேண்டியவை: காற்று அளக்கும் கேஜ், பேட்டரியில் நேரடியாக மாட்டும் கம்ப்ரசர், நீளக் கைப்பிடி உள்ள மண்வெட்டி, மணல் பலகை இரண்டு, 9 மீட்டர் ரிக்கவரி பெல்ட், 4.75 டன் என்று பொறித்த ஷேக்கிள் (பெல்ட்டை மாட்டும், ஆணி போட்ட இரும்பு வளையம்) இரண்டு, ஜாக்கிக்கு அடியில் வைக்க இரண்டடிச் சதுர தடித்த ப்ளைவுட், தலைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 5 லிட்டர் தண்ணீர். கோடையில் தண்ணீரை இரட்டிப்பாக்குங்கள். இரண்டாவது வண்டியும் வேண்டும். தனி வண்டியாகப் போகிறவருக்கு இதில் பாதி வழிகள் உதவாது.

## வண்டி ஓடுகிறது, ஆனால் இழுவை குறைந்துகொண்டே வருகிறது

இன்னும் மாட்டவில்லை. எஞ்சின் உறுமும், ஸ்டியரிங் கனக்கும், வேகம் தானாக விழும். சரிவு இறங்கும் பக்கமாகவோ கெட்டியான தரை பார்த்தோ வண்டியை விட்டு, பிரேக் மிதிக்காமல் தானாக நிற்க விடுங்கள். பிரேக் மிதித்தால் ஒவ்வொரு டயருக்கு முன்னாலும் மணல் குவிந்து, மறுபடி கிளம்பும்போது அதுவே தடையாகும்.

டயரில் காற்று அதிகம். பெரும்பாலும் காரணம் இதுதான். ரோட்டில் 33 முதல் 35 பி.எஸ்.ஐ. வைக்கும் டயரை மணலில் 15 முதல் 18 வரை இறக்க வேண்டும். பிராடோ, பேட்ரோல் போன்ற கனமான வண்டிக்கும் இதே அளவுதான், மிக மெத்தென்ற மணலில் 12 வரை போகலாம். 20 அங்குல ரிம், பட்டையான டயர் என்றால் 18க்குக் கீழே வேண்டாம்; ரிம்மே தரையைத் தட்டும். நெடுஞ்சாலையில் ஓடி வந்த சூட்டோடு 16க்கு இறக்கினால் ஆறியதும் 13, 14 ஆகியிருக்கும். அரை மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். நாலு டயரிலும் ஒரே அளவு இருக்கட்டும். "இருபத்தைந்து போதும், இறக்கினால் திரும்ப அடிக்க நேரமாகும்" என்கிறவர்தான் அன்று முதலில் மாட்டுவார்.

வழுக்கல் தடுப்பு (டிராக்‌ஷன் கண்ட்ரோல்) இன்னும் அணையவில்லை. சக்கரம் லேசாகச் சுழன்றாலே கணினி எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும். மேடு ஏறும்போது பாதியில் வண்டி மூச்சடங்கும். பல வண்டிகளில் பொத்தானை ஒரு தட்டு தட்டினால் பாதிதான் அணையும். வண்டியை நிறுத்தி, மூன்று நான்கு வினாடி அழுத்திப் பிடித்தால்தான் முழுதும் அணையும். டாஷ்போர்டில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

ஃபோர் வீல் போடவில்லை, அல்லது சென்டர் லாக் போடவில்லை. எப்போதும் நான்கு சக்கரத்திலும் ஓடும் லேண்ட் குரூசர் வகைகளில் முன் பின் அச்சுகளைச் சேர்த்துப் பூட்டும் சென்டர் டிஃப் லாக்கைப் போட்டாக வேண்டும். மற்றவற்றில் 4எச் (நான்கு சக்கரமும் சாதாரண வேகத்தில் ஓடும் நிலை). மணல் தொடங்கும் முன்பே போடுங்கள், மாட்டிய பிறகு அல்ல.

கியர் தவறு. ஆட்டோமேட்டிக்கை டி-யில் விட்டால் மேல் கியருக்குத் தாவிக்கொண்டே இருக்கும். கையால் 2 அல்லது 3இல் பிடித்து, எஞ்சினை 2500க்கும் 3500க்கும் இடையிலான ஆர்.பி.எம்.மில் ஓட விடுங்கள்.

நேரம். விடிகாலைப் பனி உலராத மணல் கெட்டியாக இருக்கும். அதே மேடு மதியம் ஒரு மணிக்கு மாவாகிவிடும். காலையில் ஏறிய இடம் மாலையில் ஏறும் என்று நம்பாதீர்கள்.

கார் அடித்தளத்தில் செய்த சிறு எஸ்.யு.வி. என்றால் இன்னொன்றும் உண்டு. பின் அச்சை இணைக்கும் கப்ளிங் சூடேறி, முன் சக்கரம் மட்டும் சுழலத் தொடங்கும். டாஷ்போர்டில் எச்சரிக்கையும் வரும். 20 நிமிடம் ஆற விட்டால் திரும்ப வேலை செய்யும். இரண்டாவது முறையும் வந்தால் அந்த வண்டிக்கு அந்த மணல் ஆகாது, திருப்பிவிடுங்கள்.

## சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை, வயிறு இன்னும் தரையைத் தொடவில்லை

இறங்கிக் குனிந்து பாருங்கள். வண்டிக்கு அடியில் மறுபக்க வெளிச்சம் தெரிந்தால் இந்தத் தலைப்பு. தெரியாவிட்டால் அடுத்ததற்குப் போங்கள்.

முன் சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். மணலில் ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது கைக்குத் தெரியாது. திரும்பிய முன் சக்கரம் மணலை உழுதுகொண்டே இருக்கும்.

பிறகு 4எல் (நான்கு சக்கரமும் வேகம் குறைந்து பலம் கூடிச் சுற்றும் நிலை), ரிவர்ஸ், மிக மெதுவான அழுத்தம். வந்த தடத்தில் மணல் ஏற்கெனவே இறுகியிருக்கும், அதனால் முன்னால் போவதைவிடப் பின்னால் வருவதே எளிது. ஒரு முறை முயன்று நகராவிட்டால் இறங்கி நாலு சக்கரத்துக்கும் பின்னால் உள்ள மணலை அள்ளுங்கள். சும்மா குழி பறிக்காமல், டயரின் அடியிலிருந்து ஒரு மீட்டர் நீளத்துக்குச் சாய்வாக இழுத்துவிட வேண்டும். காற்றை 12க்கு இறக்குங்கள். வண்டியில் இருப்பவர்கள் இறங்கட்டும். ஐந்து பேர் இறங்கினாலே 350 கிலோ குறையும்.

ஓரடி நகர்ந்து நின்றால், வந்த ஓரடியில் முன்னும் பின்னும் ஊஞ்சலாட்டித் தடத்தை நீட்டலாம். கியர் முழுதும் விழுந்த பிறகே அழுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் இப்படி ஆட்டினால் கியர்பாக்ஸ் எண்ணெய் கொதிக்கும்.

ஒன்றும் நகரவில்லை என்றால், ஒருவரை மூன்று மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நிறுத்தி, லேசாக அழுத்தும்போது முன் சக்கரம் சுழல்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பின் சக்கரம் மட்டும் சுழன்றால் சிக்கல் மணலில் இல்லை. "4எல் விழவில்லை" என்ற தலைப்பைப் பாருங்கள்.

## வயிறு மணலில் அமர்ந்துவிட்டது

சேஸிஸ் மணலில் உட்கார்ந்து, சக்கரங்கள் எடை இல்லாமல் சுழலும் நிலை இது. இதற்கு மேல் ஆக்சிலேட்டருக்கு வேலையே இல்லை. முழுக்க மண்வெட்டி வேலை.

முதலில் புகைக்குழாய் வாயைப் பாருங்கள். மணலில் புதைந்திருந்தால் அதைத் திறந்துவிடுங்கள், அதுவரை எஞ்சினை ஓட்ட வேண்டாம். குழந்தைகளை ஏசியில் உட்கார வைத்து வெளியே மண் அள்ளிக்கொண்டிருந்தால் புகை கசிந்து உள்ளே ஏறும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலைவலியும் தலைசுற்றலும்தான் முதல் அறிகுறி.

அள்ளும் வரிசை முக்கியம். சக்கரத்தைச் சுற்றி முதலில் அள்ளினால் வண்டி இன்னும் இறங்கும். முதலில் இரு பக்கவாட்டிலும் அரை மீட்டர் அகலத்துக்கு மணலை எடுத்து, பிறகு அந்தப் பள்ளத்துக்கு வயிற்றுக்கு அடியில் உள்ள மணலை இழுங்கள்: கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், எரிபொருள் தொட்டிக் கவசம், முன் பின் டிஃபரன்ஷியல் உருண்டைகள். காய்ந்த மணல் திரும்பத் திரும்பச் சரிந்து வரும். பக்கப் பள்ளம் அகலமாக இருந்தால்தான் அது நிற்கும். கைப்பிடி நீளமான மண்வெட்டி கேட்பது இதற்குத்தான். இரண்டு பேர் அள்ளினாலும் அரை மணி நேரம் ஆகும். வயிற்றுக்கு அடியில் மறுபக்க வெளிச்சம் தெரிந்த பிறகே சக்கரங்களுக்கு வாருங்கள்.

டயருக்கு அடியில் பலகை போக இடமில்லை என்றால் ப்ளைவுட் மேல் ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, குழியில் மணலை நிரப்பிக் காலால் மிதித்து இறுக்கி, மேலே பலகையைச் செருகுங்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. மணலில் ஜாக்கி சாய்வது சத்தமில்லாமல் நடக்கும்.

காற்று 10. பலகை டயரைத் தொட்டபடி, அதன் பற்கள் டயர் பள்ளத்தில் கடிக்கும்படி இருக்கட்டும். முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது, சக்கரம் சுழன்றால் பலகை பறக்கும். 4எல் முதல் கியரில், சக்கரம் சுழலாத அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். வெளியே வந்ததும் கெட்டியான தரை வரும்வரை நிறுத்தாதீர்கள். பலகையை ஆட்கள் நடந்துபோய் எடுத்து வரட்டும். 10 பி.எஸ்.ஐ.யில் கூர்மையாகத் திருப்ப வேண்டாம். கெட்டித் தரை வந்த உடனே 15க்கு அடித்துக்கொள்ளுங்கள்.

## இன்னொரு வண்டியால் இழுக்க வேண்டியிருக்கிறது

மணலில் மாட்டுவதைவிட, தவறாக இழுப்பதில்தான் ஆளுக்கு ஆபத்து அதிகம்.

எங்கே மாட்டுவது? சேஸிஸில் போல்ட் போட்ட ரிக்கவரி கொக்கியில் மாட்டுங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் வேண்டாம். அது இழுவைக்குச் செய்தது, திடீர்க் குதிப்புக்குச் செய்ததல்ல. முறிந்தால் பீரங்கிக் குண்டாகக் கண்ணாடியைத் துளைத்து வரும். கப்பலில் கட்டுவதற்காகக் கம்பெனி வைத்த மெல்லிய வளையங்களும் ரிக்கவரிக்கு ஆகாது. பின் ரிசீவர் குழல் (டிரெய்லர் கொக்கியைச் செருகும் சதுரக் குழல்) மட்டும் இருந்தால் அதற்கான ஷேக்கிள் கட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பம்பரில் திருகும் கண்வளையம் நேர் இழுவைக்கு மட்டும். கடைசி மரை வரை இறுக்குங்கள். சில வண்டிகளில் அது இடப்பக்க மரை.

எந்த பெல்ட்? நீளும் வகைதான் வேண்டும். இரண்டு வண்டிகளில் இலேசானது எதுவோ, சாமானோடு சேர்ந்த அதன் எடையைப்போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு வரை தாங்கும் பெல்ட் சரி. 2.8 டன் வண்டிக்கு 8 டன் பெல்ட். நீளாத வழக்கமான இழுவைக் கயிற்றால் குதித்து இழுத்தால் கொக்கியோடு பிய்த்துக்கொண்டு வரும். அறுந்த பெல்ட்டை முடிச்சுப் போட்டோ இரண்டை இரும்பு ஷேக்கிளால் இணைத்தோ பயன்படுத்த வேண்டாம்.

ஷேக்கிள் ஆணியை முழுக்க இறுக்கி, கால் சுற்று தளர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் இழுத்த பிறகு திறக்காது. பெல்ட்டின் நடுவில் போர்வையோ பையோ போடுங்கள். பார்க்க நிற்பவர்கள் பெல்ட் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில், பக்கவாட்டில் நிற்கட்டும். பெல்ட்டைத் தாண்டி யாரும் நடக்கக் கூடாது.

இழுக்கும் முன் மாட்டிய வண்டியின் மணலை அள்ளியே ஆக வேண்டும். "பெல்ட் இருக்கிறதே, எதற்கு அள்ளுவது" என்ற சோம்பல்தான் கொக்கி முறியக் காரணம். பெல்ட்டில் இரண்டு மீட்டர் தொய்வு விட்டு, இழுக்கும் வண்டி 10 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் கிளம்பட்டும். பெல்ட் இறுகும்போது மாட்டிய வண்டியும் லேசாக உதவட்டும். நகரவில்லையா, இன்னும் அள்ளி இன்னொரு முறை. அதற்கும் நகராவிட்டால் மூன்றாவதாக வேகத்தைக் கூட்ட வேண்டாம். வின்ச் (வண்டியில் பொருத்திய, கம்பியைச் சுருட்டி இழுக்கும் மோட்டார்) உள்ளவரையோ ரிக்கவரி ஆட்களையோ கூப்பிடுங்கள்.

## மேட்டின் உச்சியில் வயிறு மாட்டி ஊசலாடுகிறது

வேகம் போதவில்லை, அல்லது உச்சியில் பயந்து காலை எடுத்துவிட்டீர்கள். முன் சக்கரம் அந்தப் பக்கம் தொங்கும், பின் சக்கரம் இந்தப் பக்கம். பக்கவாட்டிலிருந்து வயிற்றுக்கு அடியில் உள்ள மணலை அள்ளினால் வண்டி தானாகப் பின்பக்கம் இறங்கும்; ரிவர்ஸில் எடுத்துவிடலாம். முன்னால் இறக்க வேண்டுமென்றால் முதலில் நடந்துபோய் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். காற்றடிக்காத பக்கச் சரிவு 30 டிகிரியைத் தாண்டும், அடியில் என்ன இருக்கிறது என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியாது. இறங்கினால் நேராக, முதல் கியரில்.

## சரிவில் வண்டி பக்கவாட்டில் வழுக்குகிறது

ஸ்டியரிங்கைக் கீழ்ப்பக்கம் திருப்பி, லேசாக ஆக்சிலேட்டர் கொடுங்கள். உள்ளுணர்வு மேலே திருப்பச் சொல்லும். மேலே திருப்பினால் வண்டி உருளும். பிரேக்கும் வேண்டாம்.

சாய்ந்தபடி நின்றுவிட்டால், எல்லோரும் மேட்டுப் பக்கக் கதவு வழியாக மட்டும் இறங்குங்கள், ஓட்டுநர் உட்பட. கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. மேட்டுப் பக்கச் சக்கரங்களுக்கு அடியில் மணலை அள்ளினால் அந்தப் பக்கம் இறங்கிச் சாய்வு குறையும். ஆனால் மேட்டுப் பக்கச் சக்கரம் ஏற்கெனவே மணலைவிட்டு எழும்பியிருந்தால் மண்வெட்டியைக் கீழே வையுங்கள். மேலே இன்னொரு வண்டியை நிறுத்தி, மேல்பக்கச் சட்டத்தில் பெல்ட்டைக் கட்டிப் பிடித்துவைத்து, வின்ச் உள்ளவர் வரும்வரை தொடாமல் விடுங்கள்.

மூலைக்கு மூலை இரண்டு சக்கரம் அந்தரத்தில் சுழன்றால் அது வேறு, எளிது. டிஃப் லாக் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் வழுக்கல் தடுப்பைத் திரும்பப் போட்டு, சீராக அழுத்திப் பிடியுங்கள். சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்துச் சக்தியை மற்றதற்குத் தள்ளும்.

## சப்கா: தரை நொறுங்குகிறது, பின்னால் கறுப்புத் தடம் விழுகிறது

இந்தப் பட்டியலில் வண்டியையே இழக்க வைப்பது இது. மேலே விரல் கனத்துக்கு உப்புப் பொருக்கு, கீழே உப்புநீரில் ஊறிய சேறு. ரோடு போலத் தட்டையாகக் கிடப்பதால்தான் ஆட்கள் இறங்குகிறார்கள். கடற்கரையில் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம்: லிவாவின் மேடுகளுக்கு நடுவே உள்ள தட்டைகள், அபுதாபியின் மேற்குக் கோடியில் சப்கத் மத்தி, ஓமான் உள்நாட்டில் உம் அஸ் ஸமீம் எல்லாம் இதே ரகம்.

இறங்கும் முன். நடந்து போங்கள். இருபது அடிக்கு ஒரு முறை குதிகாலை ஊன்றி முழு எடையோடு திருகுங்கள். பொருக்கு உடைந்து காய்ந்த மணல் வந்தால் பரவாயில்லை. ஈரமாக, கறுத்து, அழுகிய முட்டை வாடையோடு சேறு வந்தால் திரும்பிவிடுங்கள். விரல் கனக் கம்பி ஒன்றை இரு கையால் அழுத்த ஒரு முழம் இறங்கினாலும் அதே முடிவு. பக்கத்தைவிடக் கறுத்த திட்டுகள் ஈரம். வெள்ளையாக மினுக்கும் இடமும் காய்ந்தது என்று பொருளல்ல. பழைய டயர் தடம் இருப்பதும் சான்றில்லை: ஆகஸ்டில் யாரோ போன தடம் ஜனவரி மழைக்குப் பிறகு பொறியாகிவிடும். மழை பெய்து வாரங்கள் ஆனாலும் அடியில் காயாது. போயே ஆக வேண்டுமென்றால் மணல்மேடும் தட்டையும் சேரும் விளிம்பை ஒட்டிச் செல்லுங்கள். அங்கே மணல் ஏறியிருக்கும். காற்று 15, வண்டிக்கு வண்டி நூறு மீட்டர் இடைவெளி. முன் வண்டி மாட்டினால் பின் வண்டி உறுதியான தரையில் நிற்க அந்த இடைவெளி வேண்டும்.

ஓடும்போது பொருக்கு உடைந்தால். வேகம் திடீரென்று விழும், கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கறுப்புத் தடம். நிறுத்தாதீர்கள், பிரேக் வேண்டாம், வெடுக்கென்று திருப்பவும் வேண்டாம். சீரான ஆக்சிலேட்டரில் அகலமான வளைவாக, வந்த கெட்டித் தரை நோக்கி வாருங்கள். முன்னால் கெட்டியாகும் என்ற நம்பிக்கையில் நேராகப் போகாதீர்கள்; நடுப்பகுதி பெரும்பாலும் இன்னும் ஈரம்.

நின்றுவிட்டால், சேறு ரிம்மின் பாதிக்குக் கீழே. சக்கரத்தைச் சுழற்றவே கூடாது. மணலில் ஒரு சுழற்சிக்கு விரல்கடை இறங்கினால் இங்கே ஒரு சாண் இறங்கும். இறங்கி, காற்றை 10க்குக் குறைத்து, நாலு டயருக்குப் பின்னாலும் சேற்றை வழித்து, பலகைகளைப் பின் சக்கரங்களுக்குப் பின்னால் செருகி ரிவர்ஸில் ஒரே ஒரு முயற்சி. உடைந்த பொருக்கின் மேல் கால்மிதி, கூடாரத் துணி, காய்ந்த செடி என்று கையில் கிடைத்ததைப் பரப்பலாம். நகர்ந்தால் நிற்காமல் வந்த தடத்தின் பக்கவாட்டில், உடையாத பொருக்கின் மேல் வாருங்கள். உடைந்த தடத்திலேயே திரும்பினால் மறுபடி இறங்கும். இதில் சப்கா மணலுக்கு நேர் எதிர்.

சேறு அச்சைத் தொட்டுவிட்டால். ஈரச்சேறு வயிற்றை உறிஞ்சிப் பிடிக்கும். வண்டியின் எடையோடு அந்தப் பிடியையும் சேர்த்து இழுக்க வேண்டும் என்பதால் குதித்து இழுக்கும் பெல்ட் இங்கே ஆகாது. கொக்கி பெயரும் அல்லது சேஸிஸ் வளையும். வயிற்றைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தண்ணீர் வடிய விட்டு, உள்ளே காற்றுப் புக வழி செய்தால் பிடி தளரும். பிறகு உறுதியான தரையில் நிற்கும் வண்டியின் வின்ச்சால், கப்பி போட்டு, மெதுவாக இழுக்க வேண்டும். வின்ச் கம்பி எட்டாவிட்டால் நீளாத இணைப்பு பெல்ட்டால் நீட்டுங்கள். உதவிக்கு வரும் வண்டி தட்டையில் ஒரு மீட்டர்கூட இறங்கக் கூடாது. மாட்டியவரை எடுக்க வந்து இரண்டாவதாக மாட்டுவது சப்காவில் வாடிக்கை.

வின்ச் இல்லை, அல்லது ஒரு மணி நேரத்தில் நகரவில்லை என்றால் அழையுங்கள். போனில் "மணல்" என்று சொல்லாதீர்கள். "சப்கா, சேறு அச்சு வரை" என்று சொல்லி, இருப்பிடப் புள்ளியையும், உறுதியான தரையிலிருந்து எத்தனை மீட்டர் உள்ளே என்பதையும் அனுப்புங்கள். சாதாரண ரிக்கவரி லாரி வந்தால் அதுவும் புதையும். நீண்ட வின்ச் கம்பியோ அகலச் சங்கிலியில் ஓடும் எந்திரமோ வேண்டும்.

கோர் அல் அதைத், பர் அல் ஹிக்மான் போன்ற கடலோரத் தட்டைகளில் கடல் ஏற்றத்தின் நேரத்தையும் பாருங்கள். தரையில் ஈரக் கோடோ கடற்பாசியோ உங்களுக்கு மேட்டுப் பக்கம் இருந்தால் தண்ணீர் அதுவரை வரும். அப்போது வண்டியை விட்டுவிட்டு ஆட்கள், தண்ணீர், பாஸ்போர்ட், போன் மட்டும் கரைக்கு. அமீரகத்திலும் கத்தாரிலும் 999, ஓமானில் 9999.

## டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிட்டது

குறைந்த காற்றில் கூர்மையாகத் திருப்பினால் நடக்கும். எளிய வழி ஸ்டெப்னியை மாட்டுவது. ஸ்டெப்னியில் 35 பி.எஸ்.ஐ. இருக்கும், இறக்க மறக்காதீர்கள்.

ஸ்டெப்னியும் போய்விட்டதென்றால்: ப்ளைவுட்டில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ரிம் விளிம்பையும் டயர் உதட்டையும் பிரஷ்ஷாலும் தண்ணீராலும் மணல் ஒரு துகள் இல்லாமல் துடையுங்கள். வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றிவிட்டால் காற்று வேகமாக ஏறும். டயரின் சுற்றளவில் ராட்செட் பெல்ட் போட்டு இறுக்கினால் உதடு ரிம்மை ஒட்டும். இரண்டு முறை "டப்" என்று சத்தம் வரும்வரை அடியுங்கள், 40ஐத் தாண்ட வேண்டாம். பிறகு ஊசியைப் போட்டு 18க்கு வையுங்கள். ஸ்ப்ரே அடித்து நெருப்பு வைக்கும் வித்தையை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். விட்டுவிடுங்கள். உட்பக்க உதடும் கழன்றிருந்தால் பாலைவனத்தில் நேரம் செலவிடாமல் டயர் கடைக்குக் கொடுத்து அனுப்புங்கள்.

## எஞ்சின் சூட்டு முள் ஏறுகிறது, அல்லது கியர்பாக்ஸ் சூட்டு விளக்கு எரிகிறது

ஏசியை அணைத்து, காற்று வரும் திசைக்கு முகம் திருப்பி நிறுத்துங்கள். எஞ்சினை அணைக்காமல் நியூட்ரலில் ஓட விடுங்கள். விசிறியும் பம்ப்பும் சுற்றினால்தான் சூடு இறங்கும். ஆவி வந்தால், கூலன்ட் ஒழுகினால் மட்டும் உடனே அணைக்கவும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்க வேண்டாம்.

பிறகு வரிசையாக: முன் கிரில்லில் காய்ந்த புல், சேறு; கூலன்ட் அளவு; விசிறி சுற்றுகிறதா; காற்று ஃபில்டரில் மணல். அடிக்கவசத்தில் காய்ந்த புல் சேர்ந்திருந்தால் கையால் பிடுங்கி எடுங்கள், புகைக்குழாய்ச் சூட்டில் தீப்பிடிக்கும். கியர்பாக்ஸ் மட்டும் சூடென்றால் 4எச்-இல் மெதுவாக உருட்டியதுதான் காரணமாக இருக்கும், 4எல் போட்டால் இறங்கும். ஆறிய பிறகும் பத்து நிமிடத்தில் திரும்ப ஏறினால் ஓட்டாதீர்கள். கட்டி இழுக்கும் செலவு கியர்பாக்ஸ் செலவில் சிறு பங்கு.

## 4எல் விழவில்லை, விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது

முழுக்க நிறுத்தி, பிரேக் மிதித்து, நியூட்ரலில் போட்டு மாற்றுங்கள். அப்படியும் சிமிட்டினால் வண்டியை ஓரடி முன்னும் பின்னும் உருட்டுங்கள். பற்கள் நேராக வந்ததும் விழும். தார் ரோட்டில் 4எச் போட்டு ஓட்டியிருந்தால் உள்ளே முறுக்கு ஏறியிருக்கும், ரிவர்ஸில் சில மீட்டர் போனால் தளரும். அடுத்து ஃபியூஸ், பேட்டரி மின்னழுத்தம். பழைய பேட்ரோல், ஜிம்னியில் முன் சக்கர ஹப் "லாக்" நிலையில் இருக்கிறதா, வேக்யூம் குழாய் கழன்றிருக்கிறதா.

இதற்கு மேல் 4எல்-க்கு மாற்றிக்கொடுக்கும் மோட்டார்தான் காரணம். மாதக்கணக்கில் போடாமல் விட்டால் துருப்பிடித்து இறுகிவிடும். மாதம் ஒரு முறை மணல் தரையில் போட்டு எடுப்பதே மருந்து. விழுந்த பிறகு அழுத்தும்போது அடியில் "கடக், கடக்" என்று தாவினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) சங்கிலி தளர்ந்திருக்கிறது. நேரே கராஜ்.

## வெளியே வந்தாயிற்று, ஆனால் ரோட்டில் வண்டி ஆடுகிறது

80, 100இல் ஸ்டியரிங் நடுங்கினால் அலைன்மென்ட்டுக்குக் காசு கொடுக்கும் முன் ரிம்மின் உட்பக்கத்தைப் பாருங்கள். ஒரு கை மணலோ காய்ந்த சேறோ ஒட்டியிருந்தாலே போதும். அது இல்லாவிட்டால் பேலன்ஸ் ஈயம் விழுந்திருக்கும். பிரேக்கில் உரசல் சத்தம் என்றால் டிஸ்க்குக்கும் தகட்டுக்கும் நடுவில் கல். ரிவர்ஸில் இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்தால் பெரும்பாலும் விழுந்துவிடும்.

சப்காவில் இறங்கிய வண்டியை அன்றே கழுவுங்கள். மேலே மினுக்கும் நுரை வாஷ் போதாது. லிஃப்டில் ஏற்றிச் சேஸிஸ் துளைகளுக்குள்ளும் ரேடியேட்டருக்கு முன்னாலும் நல்ல தண்ணீர் விடச் சொல்லுங்கள், காய்ந்த பிறகு மறுநாள் இன்னொரு முறை. ஹப் மூழ்கும்வரை சேற்றிலோ தண்ணீரிலோ நின்றிருந்தால் முன் பின் டிஃபரன்ஷியல் எண்ணெயைத் திறந்து பார்க்க வேண்டும். பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. எண்ணெயை மாற்றி, மூச்சுக் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.